ஃபார்மலின் பட்டை சொல்லாதது

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் சோதனைக்கூடத்துக்குப் பொட்டலங்கள் வர ஆரம்பிக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் எல்லார் வீட்டுக்கும் போதாது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் என்பதால் அங்கிருந்து லாரியில் மீன் வரும். "எத்தனை நாள் பழசோ தெரியல சார், ஆனா கல்லு மாதிரி இருக்கு. ஃபார்மலின் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று பையை மேசையில் வைப்பார்கள்.

2018-ல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட செய்திக்குப் பிறகு வந்த பயம் இது. நியாயமான பயம்தான். பிணம் கெடாமல் வைக்கும் மருந்து சாப்பாட்டில் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே ஒரு காகிதப் பட்டையை உருவாக்கித் தந்தது. மீனின் மேல் பட்டையைத் தேய்த்து, பட்டையோடு வரும் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். எளிமையான, நல்ல கருவி. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் திருடன் என்று சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ஒருமுறை கீழக்கரைப் பக்கம் ஒரு சந்தையில் சில இளைஞர்கள் பட்டையோடு வந்து, வயதான ஓர் அம்மாவின் கூடையில் இருந்த தும்பிலி மீனைத் தேய்த்துப் பார்த்தார்கள். நிறம் மாறியது. கூட்டம் கூடிவிட்டது. "தம்பி, முந்தாநாள் எம் பேரன் புடிச்சாந்தது. ஐஸுல வச்சிருந்தேன், வேற எதும் போடலய்யா" என்று அந்த அம்மா அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அதே கூடையில், அதே ஐஸில் காரலும் கிடந்தது. அதைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். நிறமே வரவில்லை. ஐஸில் மருந்து கலந்திருந்தால் இரண்டிலும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

கடல்மீன்களின் சதையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பாக்டீரியா அதைச் சிதைத்தால் நமக்குத் தெரிந்த அந்த மீன் கவிச்சி வரும். தும்பிலி போன்ற சில மீன்களில் சதையின் நொதியே அதை உடைத்து ஃபார்மால்டிஹைடு ஆக்கிவிடும். ஃபார்மலினில் இருப்பதும் இதே பொருள்தான். ஐஸில் இருந்தாலும், உறைய வைத்தாலும் இது நிற்காது. படகிலிருந்து நாங்களே வாங்கிய தும்பிலியை ஐஸில் வைத்துத் தினமும் அளந்தோம். நாஷ் என்பவர் 1953-ல் விவரித்த முறை அது: அசிட்டைல் அசிட்டோனும் அம்மோனியம் அசிட்டேட்டும் சேர்ந்த கரைசல், ஃபார்மால்டிஹைடு இருந்தால் மஞ்சளாகும். அந்த மஞ்சள் 412 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். யாரும் எதுவும் கலக்காமலே நாளுக்கு நாள் மஞ்சள் கூடியது. இயற்கையாக உருவாகும் ஃபார்மால்டிஹைடுக்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீன் வகையைப் பொறுத்து வேறு வேறு வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே பட்டை நிறம் மாறினால் அதே பெட்டியில் வேறு மீனையும், ஐஸ் உருகிய தண்ணீரையும் சோதியுங்கள். பட்டையின் குறிப்பில் சொன்ன நேரத்துக்குள் நிறத்தைப் பாருங்கள். அரைமணி கழித்து வரும் நிறத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறமும் சந்தேகம் என்றால் மீனை ஐஸோடு சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

சரி, பட்டை நிறம் மாறவில்லை. மீன் நல்ல மீனா? இந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்பதில்லை. எனக்குக் கவலை இதில்தான் அதிகம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். "எனக்கு சூரை ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் சிலருக்காவது மீன் ஒவ்வாமையே கிடையாது. அன்று தின்ற மீன்தான் கெட்டது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஃபார்மலின் பட்டைக்கு அது தெரியவே தெரியாது. மூக்குக்கும் எப்போதும் தெரியாது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கிலோவுக்கு 200 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. டையமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்து நிறம் காட்டும் சோதனைகள் இதற்கு உண்டு. சிக்கல் என்னவென்றால் ஒரே மீனில் ஒரு துண்டில் நிறைய இருக்கும், பக்கத்துத் துண்டில் குறைவாக இருக்கும். எங்கே வெட்டி எடுத்தோம் என்பதிலேயே முடிவு மாறிவிடும்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நம் ஆட்கள் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகுவதால் வருவது. அது மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் சோதித்தால் பாட்டிலில் பழுப்பாக வர வேண்டிய படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். ஆக்ஸிஜன் இல்லை என்று அர்த்தம். இப்படி மூச்சுமுட்டிச் செத்த மீனில் விஷம் இல்லையே, அள்ளிக் கருவாடு போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எப்போது செத்தது, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உப்பும் வெயிலும் ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமினை எடுத்துவிடாது.

பெரிய சுறா மாதிரி மீன்களில் சேரும் பாதரசத்தைப் பட்டையில் பார்க்க முடியாது. அதற்கு அணு உறிஞ்சல் கருவி உள்ள கூடம்தான் வேண்டும்.

வீட்டில் மீன் சாப்பிட்டு யாருக்காவது முகம் சிவந்து தடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள். மீதிக் குழம்பைக் கோபத்தில் கொட்டிவிட வேண்டாம். ஒரு துண்டை டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். நாங்கள் அளந்து பார்க்க அந்தத் துண்டு வேண்டும்.