முருங்கைக்குச் சொன்னதை மாமரத்தில் காட்டாதீர்கள்

சித்திரை வருஷம் பிறந்து ஒரு கிழமை போகாது, கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மெஷின் வாள் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று வருமுன் மரத்தை "ஒரு அளவாக்கி" விடவேண்டுமாம். மறுநாள் பார்த்தால் மதிலுக்கு மேலே மரம் இருக்காது. நாலைந்து மொட்டைக் கட்டைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வெட்டியவருக்குக் கூலி கிடைத்தது, வீட்டுக்காரருக்கு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதி பொய் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

பயப்படுவதில் பிழையில்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மொட்டையடிப்பு மருந்து அல்ல. அது இந்த வருஷத்து ஆபத்தை மூன்று வருஷத்துக்குத் தள்ளிப்போட்டு, வட்டியோடு திருப்பித் தரும் வேலை.

"முருங்கையை ஒடித்து வளர்" என்று நம் ஆட்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. முருங்கை காய்க்கும் இலைக்கும் வளர்ப்பது. வருஷா வருஷம் ஒடிக்கிறோம், கொப்பு கைத்தடி அளவு தாண்டுமுன் இறங்கிவிடுகிறது. முறிந்து விழுந்தாலும் கோழிக்கூட்டுத் தகரம் நெளியும், அவ்வளவுதான். அதே கணக்கை நாற்பது வருஷத்து மாமரத்திலும், தொடை பருமன் கொப்புள்ள ஈரப்பலாவிலும், தெருவோர வாகையிலும் போட்டால் கணக்குப் பிழைக்கும்.

எப்படிப் பிழைக்கும் என்று சொல்கிறேன். இயற்கையாக வளர்ந்த கொப்பு, தாய்மரம் பருக்கப் பருக்கத் தானும் சேர்ந்து பருத்தது. இரண்டின் நாரும் வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, பொருத்தின இடத்தில் ஒரு கழுத்துப்பட்டி போல வீங்கியிருக்கும். மொட்டையடித்த கட்டையில் வரும் தளிர் அப்படியல்ல. அது பட்டைக்கு அடியில் தூங்கிக்கிடந்த மொட்டிலிருந்து வருகிறது; மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு மாதத் தளிர் ஒன்றைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நடுவில் முறியாது, அடியோடு ஒரு பட்டைத் துண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு கையில் வரும். கொழும்பின் மழைக்கும் வெக்கைக்கும் அந்தத் தளிர் வருஷத்துக்கு ஐந்தாறு அடி ஓடும். ஒரு கொப்பு இருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு நிற்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் பழைய உயரம், பழைய பாரம், பழையதைவிட நெருக்கமான இலை. காற்று ஊடுருவ வழியில்லாமல் பாய்மரத் துணி மாதிரி நின்று வாங்கும்.

அதற்குள் கீழே இருக்கும் கட்டை என்ன செய்யும்? உளுக்கும். அரை அடி, ஒரு அடி அகல வெட்டுக்காயத்தை மூட எந்த மரத்துக்கும் வருஷங்கள் வேண்டும். மா, முருங்கை போன்றவை மூடுமுன்னே மழைத்தண்ணி இறங்கி நடுப்பகுதி சோறாகிவிடும். ஆக, பாரம் கூடிக்கொண்டு போகும் தளிர், பலம் குறைந்துகொண்டு போகும் கட்டையின் தோலில் தொங்குகிறது. இதைத்தான் "பாதுகாப்பாக்கி விட்டோம்" என்கிறார்கள்.

"வெட்டின பிறகுதானே நல்லாத் தழைச்சது?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஐயா, அது தழைப்பு இல்லை, பதற்றம். மரத்தின் அடுப்பே இலைதான். ஒரே நாளில் எல்லா இலையையும் இறக்கினால், வேரிலும் அடிமரத்திலும் சேமித்து வைத்ததை எடுத்து அவசரத்துக்கு இலை விடுகிறது. சேமிப்பு கரைந்தால் முதலில் பட்டினி கிடப்பது வேர். மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே வேர்தான். இரண்டு மூன்று முறை மொட்டையடித்த மரம் கடைசியில் அடியோடு சாய்ந்தால் காற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

தென்னையின் தலையை வெட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே மட்டும் எப்படியோ புத்தி வேலை செய்கிறது.

சரி, என்னதான் செய்வது? முதலில் காய்ந்த கொப்புகளையும் ஒன்றோடொன்று உரசும் கொப்புகளையும் எடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கூரைப் பக்கம் நீண்ட கொப்பைக் குறைக்க வேண்டுமென்றால் நினைத்த இடத்தில் துண்டிக்காமல், அதில் கிளைத்த ஒரு பக்கக் கொப்பு வரை பின்னுக்கு வந்து வெட்டுங்கள். அந்தப் பக்கக் கொப்பு, வெட்டும் கொப்பின் பருமனில் மூன்றில் ஒன்றாவது இருக்கவேண்டும். ஆறு அங்குலக் கொப்பென்றால் இரண்டு அங்குலப் பக்கக் கொப்பு. அப்போதுதான் அது தலைமையை எடுத்துக்கொள்ளும், பதற்றத் தளிர் குறையும். ஒரு வருஷத்தில் மொத்த இலையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். வயது போன மரமென்றால் இன்னும் குறைவாக. நாலு அங்குலத்துக்கு மேற்பட்ட காயம் வருகிறதென்றால், அந்த வெட்டு உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வெட்டும் முறையும் முக்கியம். பாரமான கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், அறுத்து முடியுமுன் கொப்பு தொங்கி, அடிமரத்துப் பட்டையை நாலடிக்கு உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இரண்டு விரல் வெளியே, மேலிருந்து இரண்டாவது, பாரம் இறங்கிவிடும். மிஞ்சிய கட்டையை மூன்றாவதாக, அந்தக் கழுத்து வீக்கத்துக்குச் சற்று வெளியே எடுங்கள். வீக்கத்தைச் சேர்த்துச் சீவி மட்டமாக்கினால் பார்க்க வடிவாக இருக்கும், மரத்துக்குக் கேடு. காயத்தை மூடுகிற திசு அந்த வீக்கத்தில்தான் இருக்கிறது. முழங்கை நீளக் கட்டை விட்டாலும் அதே கேடுதான்.

வெட்டின இடத்தில் தார், பெயின்ற், பழைய ஒயில் எதுவும் பூசவேண்டாம். பொந்துக்குள் சீமெந்தும் நிரப்பவேண்டாம். மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. புண்ணைச் சுற்றிச் சுவர் கட்டி உள்ளே அடைத்துவிடுகிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970களிலேயே இதைக் காட்டிவிட்டார். நாங்கள் இன்னும் தார் வாளியோடு ஏறிக்கொண்டிருக்கிறோம்.

மேலே பார்க்கிற அக்கறையில் பாதியாவது கீழே வேண்டும். "இலை பச்சையாத்தானே இருக்கு" என்று ஆறுதல்படாதீர்கள். தண்ணி ஏறுவது வெளிப்பக்க மரத்தில்தான். நடு முழுக்க உளுத்துப்போன மரமும் பச்சைப்பசேலென்று நிற்கும். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் வந்திருக்கிறதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் புதிதாக வெடிப்பு இருக்கிறதா, பட்டை இடுக்கிலிருந்து மரத்தூள் கொட்டுகிறதா, மரச்சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பறை மாதிரி ஒலிக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் வாள்காரரைக் கூப்பிடுமுன் மரம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மதில் கட்ட, கான் வெட்ட, முற்றத்துக்குக் கல் பதிக்க என்று வேரை அறுத்த இடம் எது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடிமரம் இரண்டு அடி அகலமென்றால் அதிலிருந்து ஆறு அடிக்குள் இருக்கும் வேரில் கை வைக்கவே கூடாது. அதை அறுத்துவிட்டு மேலே கொப்பு வெட்டுவது, காலை ஒடித்துவிட்டு முடி வெட்டுவது போல.

இனி மெஷின் வாள். வாடகைக்கு எடுத்து "நானே பார்க்கிறேன்" என்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். ஏணியில் நின்றுகொண்டு மெஷின் வாள் பிடிக்காதீர்கள். ஏணியைச் சாத்தியிருப்பதே அந்தக் கொப்பில்தான். பாரம் இறங்கியதும் கொப்பு மேலே எழும், ஏணி வழுக்கும், வாள் உங்களோடு வரும். தோளுக்கு மேலே தூக்கியும் வெட்டாதீர்கள். அலகின் நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டால் வாள் கண் இமைக்குமுன் முகத்துக்குத் திருப்பி அடிக்கும். இடது பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கவேண்டும். முன்னாலுள்ள பிரேக் தடுப்பை "இடைஞ்சல்" என்று கழற்றி வைத்திருக்கும் மெஷினை வாங்கவே வேண்டாம், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

சங்கிலி கூரா என்று தெரிய வாளைப் பார்க்கத் தேவையில்லை, கீழே விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். அவல் மாதிரிச் சீவல் விழுந்தால் கூர். அரிசிமா மாதிரித் தூள் விழுந்தால் மொட்டை. மொட்டைச் சங்கிலியை அழுத்தித்தான் வெட்டவேண்டும்; அழுத்துகிறவன் நிலை தடுமாறுவான். உருட்டு அரத்தை எல்லாப் பல்லிலும் ஒரே கோணத்தில், சாதாரணமாக 30 பாகையில், ஒரே எண்ணிக்கைத் தள்ளு தள்ளுங்கள். அரத்தின் பருமன் சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளியைப் பொறுத்தது. .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர், பெரிய எட்டில் மூன்று (3/8) அங்குலச் சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5. கடையில் கண்மட்டத்துக்கு வாங்காதீர்கள். சங்கிலி குளிர்ந்திருக்கும்போது கையால் சுற்றினால் லேசாக ஓடவேண்டும், கீழே தொங்கக் கூடாது.

எரிபொருள் கலவை புதிய டூ ஸ்ட்ரோக் மெஷின்களுக்குப் பெரும்பாலும் 50க்கு 1. அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். மெஷினோடு வந்த புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதே சரி. "கொஞ்சம் கூட ஊத்தினா நல்லது" என்று ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். குறைத்தால் பிஸ்டன் இறுகும். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சங்கிலி ஒயிலுக்குக் கராஜில் வடித்த கறுத்த ஒயிலை ஊற்றும் பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை. அதில் இரும்புத்தூள் இருக்கிறது, அலகைத் தின்னும். போதாததற்கு வாள் ஓட ஓட அது சன்னமாகத் தெறித்து, வெட்டுகிறவரின் தோலிலும் மூச்சிலும் போகிறது. புற்றுநோய் வரவைக்கும் சாமான் அது.

பாரத்தையும் குறைத்து நினைக்கிறார்கள். ஒரு அடி விட்டம், பத்தடி நீளப் பச்சைக் கொப்பு ஏறக்குறைய 200 கிலோ. அதைக் கயிறு கட்டி இரண்டு பொடியன்கள் கையால் பிடிப்பார்களாம். கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மெதுவாக விடுங்கள், பாரத்தை அந்த உராய்வு தாங்கும். கயிற்றைக் கையில் மட்டும் சுற்றாதீர்கள், தயவுசெய்து.

வயர் பக்கத்தில் போகிறதென்றால் வேலையை நிறுத்துங்கள். கொழும்பு நகருக்குள் என்றால் 1987, நுகேகொடை, கோட்டே பக்கம் என்றால் லெக்கோ மின் கம்பனியின் 1910, இந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டுக்கு வரும் வயரின் கறுப்பு உறையை நம்பவேண்டாம், வெயிலில் வெடித்திருக்கும். ஈரக் கொப்பும் அலுமினிய ஏணியும் மின்சாரத்துக்கு வழிதான். வீதியில் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல, மாநகர சபைக்கு எழுதிக்கொடுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் அடியோடு தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். "பக்கத்து வீட்டார் தறிச்சவைதானே" என்பது அங்கே எடுபடாது.

வெட்டினதை விறகாக்குகிறீர்களா? 2022இல் காஸ் இல்லாமல் தவித்த பிறகு அடுப்பைக் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன, நல்லது. ஆனால் பச்சை மரத்தின் நிறையில் பாதியளவு தண்ணி. அதை எரிப்பது தண்ணியைக் கொதிக்கவைப்பதற்குத்தான். மிஞ்சுவது புகையும் இருமலும். அடுப்பு நீளத்துக்குத் துண்டாக்கி உடனேயே பிளவுங்கள். பட்டைக்குள் பூட்டிக்கிடக்கும் உருளை எங்கள் காற்றில் இலகுவில் காயாது. மணிக்கட்டுப் பருமனில் பிளந்து, செங்கல்லின் மேல் இரண்டு கம்பு போட்டு, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். சுற்றிவரப் பொலித்தீன் கட்டினால் உள்ளே அவிந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆறு மாதமாவது கொடுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் "டங்" என்று கேட்கவேண்டும், முனையில் நட்சத்திர வெடிப்புத் தெரியவேண்டும். அவசரமென்றால் காய்ந்த இறப்பர் விறகை வாங்குங்கள்.

மாம்பால் தோலைச் சுடும், பச்சையாக வெட்டும்போது கைமூடிச் சட்டை போடுங்கள். அலரியை மட்டும் விறகாக்க வேண்டாம், அதன் புகையும் நஞ்சு. பெயின்ற் அடித்த பழைய கதவு நிலை, மருந்து ஏற்றிய பலகை எதுவும் சமையல் அடுப்புக்குள் போகக் கூடாது. அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். கறையான் விறகோடு நிற்காது, கதவு நிலைக்கும் வந்து சேரும்.