லைபிரரியில் சமூகப் பணியாளர் யாருக்காக?

குளிர் தொடங்கிவிட்டால், கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள ஸ்காபரோவில் லைபிரரி திறக்கும் முன்பே வாசலில் வயதானவர்கள் நிற்பார்கள். பலர் பத்திரிகை வாசிக்க வருகிறார்கள். சிலருக்கு வீட்டில் இருக்கவே முடியாத காரணம் இருக்கிறது. நூலகத்தில் சமூகப் பணியாளராக இருக்கும் நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான்.

2009இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. வீடில்லாதவர்கள் பகல் முழுதும் அங்கேதான் இருந்தார்கள், உதவியும் அங்கேயே போனது. கனடாவில் எட்மன்டன் நூலகம் 2011இல் இதே வழிக்கு வந்தது.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது இன்னும் பொருந்தும். அரசு உதவிப்பணம் தரும் வெல்பெயர் அலுவலக வாசலில் ஒருவரைக் கண்டால் அன்று மாலையே சொந்தக்காரர் எல்லாருக்கும் கதை போய்விடும். லைபிரரிக்குப் போகிறவரை ஏன் போனாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

வருகிறவர்கள் பிரச்சினையை உடனே சொல்வதில்லை. "பிள்ளை, இந்தக் கடிதத்தில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா பாருங்கோ" என்றுதான் தொடங்குவார்கள். அப்புறம் ஒருநாள், வங்கி அட்டை மகனிடம் இருக்கிறது, பஸ்ஸுக்குக்கூடக் கையில் காசில்லை என்று மெதுவாக வரும். வாய் திறந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் கூடவே வரும்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. பெற்றோரை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு அழைத்தவர் ஒன்ராறியோவில் 20 வருடங்களுக்கு அவர்களைப் பராமரிப்பதாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். அவர் கோபப்பட்டார் என்பதற்காகக் கிடைத்துவிட்ட நிரந்தர வதிவிட உரிமை போய்விடாது. 65 வயதாகி, 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடங்கள் கனடாவில் வாழ்ந்தவர் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது அவருடைய பெயருக்கு வரும் காசு. எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் அழுதுவிடுவார்கள். இத்தனை நாளும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா, அப்பாவுடன் மொழிபெயர்க்க நீங்கள் வர வேண்டாம், பேரப்பிள்ளையையும் அனுப்ப வேண்டாம். வீட்டில் எந்தக் குறையும் இல்லாதவர்கூட, பிள்ளை பக்கத்தில் இருந்தால் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசமாட்டார். மொழிபெயர்ப்பாளரை நாங்கள் ஒழுங்கு செய்வோம்.

என்னிடம் பேச லைபிரரி அட்டை தேவையில்லை. விசா நிலையை நான் கேட்பதில்லை. சொன்னது வெளியே போகாது. ஒரு குழந்தைக்கு ஆபத்து, அல்லது யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எல்லாக் கிளைகளிலும் சமூகப் பணியாளர் இல்லை. உங்கள் கிளையில் உண்டா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். இல்லாவிட்டால், சமூக உதவிகளுக்கு வழிகாட்டும் தொலைபேசி எண்ணான 211க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அடி, மிரட்டல் என்று இப்போதே ஆபத்தில் இருந்தால் அவசர எண் 911க்கு அழையுங்கள்.