வழக்கு போடும் முன் வக்கீலிடம் உண்மையைச் சொல்லுங்கள்

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் வாழ்க்கையைச் சொல்லும் ‘வைல்ட்’ (1997) படத்தைப் பார்த்தவர்கள் பலரும், "அந்த மனுஷனை அநியாயமாகக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். மானநஷ்ட வழக்கு போட்டே ஆக வேண்டும் என்று அண்மையில் வக்கீலான என்னிடம் வந்தவரும் அதையேதான் சொன்னார். இனிமேலும் பொறுக்க முடியவில்லை.

முதலில் கோர்ட்டுக்குப் போனவர் வைல்ட்தான். அவருடைய நெருங்கிய நண்பரின் தந்தை குவீன்ஸ்பெரி பிரபு. 1895 பிப்ரவரியில், வைல்டை ஓரினச்சேர்க்கையாளராகக் காட்டிக்கொள்பவர் என்று ஒரு கார்டில் எழுத்துப்பிழையோடு கிறுக்கி, லண்டன் கிளப் ஒன்றில் கொடுத்துவிட்டுப் போனார். வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்து அவரைக் கைது செய்ய வைத்தார். நண்பர்கள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

"வழக்கு போட்டவன் நான், பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே?" இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. "நான் சொன்னது உண்மை" என்று எதிராளி நின்றுவிட்டால், அலசப்படுவது உங்கள் வாழ்க்கை. குவீன்ஸ்பெரி தரப்பு துப்பறிவாளர்களை வைத்துத் தேடி, வைல்டோடு உறவு வைத்திருந்ததாக இளைஞர்களின் பெயர்களை அடுக்கியது. குறுக்கு விசாரணை செய்தவர் அவர்களின் வக்கீல் எட்வர்ட் கார்சன். ஒரு வேலைக்காரப் பையனை முத்தமிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்பதோடு நிறுத்தாமல், அவன் பார்க்க அழகில்லாதவன் என்றும் சொன்னார் வைல்ட். அழகை ஏன் சொன்னீர்கள் என்று கார்சன் அதையே பிடித்துக்கொண்டார். சாட்சிக் கூண்டில் சாமர்த்தியம் உதவாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் வைல்ட் தரப்பு பின்வாங்கியது. அன்று மாலையே, ஆண்களோடு உறவு வைத்த குற்றத்துக்காக வைல்ட் கைதானார். அந்தக் குற்ற வழக்கின் முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. அடுத்ததில், மே 25 அன்று, இரண்டு ஆண்டுக் கடுங்காவல். எதிராளியின் வழக்குச் செலவும் தலையில் விழுந்து திவாலானார். 1900இல் பாரிஸில் இறந்தபோது வயது 46. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அந்த 1885ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமையானது, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அதன் வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது அவரே போட்ட வழக்கு.

குற்றச்சாட்டில் துளியும் உண்மையில்லை என்று தம் வக்கீலிடமே சொன்னார் அவர். தயவுசெய்து எங்களிடம் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. எதிர்த்தரப்பு எதைத் தோண்டும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கோபம் ஆறாமல் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தோற்றால் எவ்வளவு செலவாகும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மறுப்பு வெளியிடலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். அதையெல்லாம் பேசிப் பார்த்த பிறகு வழக்கைப் பற்றி யோசிப்போம்.