ரெய்டு இருக்கிறதே என்று நம்பியிருக்கும் ஸ்டூடியோக்களுக்கு

"நாஸ் பெட்டியில ரெய்டு போட்டிருக்கு, பேக்கப் பத்திக் கவலை இல்ல." நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாண ஸ்டூடியோக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நாஸ் என்பது நெட்வொர்க் வழியாக எல்லாரும் ஃபைல் வைத்து எடுக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி; ரெய்டு என்பது அதிலுள்ள டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை. ரெய்டு இருப்பது நல்லது. ஆனால் அது பேக்கப் ஆகாது.

ரெய்டு 1 போட்டால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே தகவல் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும், வேலை நிற்காது. அதன் கடமை அவ்வளவுதான். எடிட்டர் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலுமே அழிந்துவிடும். இரண்டு பருவமழையையும் இடியையும் வாங்கும் மாவட்டம் கன்னியாகுமரி. 2017 ஒக்கிப் புயலில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளமும் வந்தது. பெட்டி தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் மூழ்கும்.

ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், தனி ஆபத்து. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ஒன்று, இணையத்துக்கு நேரடியாகத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. வீட்டிலிருந்து பார்க்க வசதியென்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வழி திறப்பது) போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அந்த வழியைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக வாருங்கள்.

அடுத்து அளவு. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிட்ரேட்டில் ஓடும் ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி எழுதும். மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. ஆவணியில் ஐந்து முகூர்த்தம் எடுத்தால் 4 டிபி ஆகிவிடும். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் அதை க்ளவுடுக்கு அனுப்ப ஏழரை நாள் இடைவிடாமல் ஓடவேண்டும். ஆகவே க்ளவுடை முடித்த ஆல்பத்துக்கும் கணக்கு வழக்குக்கும் வைத்துக்கொண்டு, மூலப் பதிவுகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். யுஎஸ்பி 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) கிடைத்தால் 11 மணி நேரத்தில் முடியும். அதே டிஸ்க்கை யுஎஸ்பி 2 போர்ட்டில் சொருகினால் ஒரு நாளுக்கும் மேல் இழுக்கும். சொருகுமுன் எந்த போர்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று கடையில் வாராந்தரப் பேக்கப்புக்கு, மற்றது வேறு ஊரில் வீட்டு அலமாரியில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பேக்கப் முடிந்ததும் இஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். சொருகியே கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். ஃபார்மட்டில் ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் போட்டுச் சாதாரண நகலாக வைத்தால், நாஸ் பெட்டியே செத்தாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். பேக்கப் செயலியில் "மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவறுதலாக அழித்தது அடுத்த வாரப் பேக்கப்பிலும் அழியும். எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல்கள் தினமும் மாறுவதால் அவற்றுக்கு மட்டும் தேதி போட்டுத் தனித்தனி நகல் வைக்கவேண்டும்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடமுண்டு. பல நாஸ் பெட்டிகளில் இருக்கும் இஎக்ஸ்டி4 என்ற டிஸ்க் ஃபார்மட்டில் கணக்கு வேறு: 255 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "கல்யாணம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனிக் குறியாவதால் 8 குறி, 24 பைட். ஆக மொத்தம் 85 குறிதான் கொள்ளும். சினாலஜி நிறுவன நாஸில் என்க்ரிப்ட் செய்த (கடவுச்சொல்லால் பூட்டிய) ஷேர்டு ஃபோல்டரில் இன்னும் நெருக்கடி, 47 குறிக்கு மேல் போகாது. மணமகன், மணமகள், மண்டபம், ஊர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிய பெயர் அங்கே ஏறாமல் விடுபடும். பிழை லாகில் (பெட்டியின் நிகழ்வுப் பதிவேட்டில்) பதிவாகியிருக்கும், ஆனால் லாகைத் திறந்து பார்ப்பவர் குறைவு. "2024-08-25_தோவாளை_01" போதும். விவரங்களை உள்ளே ஒரு சிறு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்க்கை நாஸோடு தொடர்பில்லாத லேப்டாப்பில் சொருகி, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் நாஸில் இருப்பதைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வீடியோவையாவது திறந்து கடைசி நிமிடத்துக்குத் தள்ளி ஓட்டிப் பாருங்கள். நகல் பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்காது. கடல் காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிக்கும் என்பதால், வீட்டில் வைக்கும் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு வையுங்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரை நாஸில் சொருகி, பேட்டரி தீருமுன் தானாக அணையும்படி அமையுங்கள்.

ரெய்டில் ஒரு டிஸ்க் செத்ததாக அறிவிப்பு வந்தால், புது டிஸ்க்கைச் சொருகப் பதறவேண்டாம். புது டிஸ்க்குக்குத் தகவலை நகலெடுக்கும் மறுகட்டமைப்பு ஓடும்போது மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்தான் மணிக்கணக்கில் பாடுபடும். அதுவும் அதே வயசு. முதலில் வெளி டிஸ்க்கில் கடைசி நகலை எடுங்கள். எந்த டிஸ்க் எந்தத் துளையில் இருந்தது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். திரையில் "இனிஷியலைஸ்" (டிஸ்க்கை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்குவது) என்று கேட்டால் அதைத் தொடாமல், பெட்டியை அணைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.