டிரெய்லர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஏன் இறங்கக் கூடாது?

காரில் ஹேண்ட் பிரேக் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது போடுவது. அந்தப் பழக்கத்தோடு ஒருவர், பின்னால் டிரெய்லரை இழுத்துச் செல்லும் செமி டிரக்கில் ஏறுகிறார். ஸ்டியரிங் தண்டின் ஓரத்திலோ டேஷ்போர்டிலோ ஒரு சிறிய நெம்புகோல் இருக்கிறது. அதுதான் டிரெய்லர் ஹேண்ட் பிரேக் என்று யாராவது சொன்னால், இதுவும் அதே வேலைதான் செய்யும் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் அதை நம்பி இறங்கிப் போனால், திரும்பி வருவதற்குள் வண்டி உருண்டு போயிருக்கலாம். ஏன் என்பது புரிய, முதலில் காற்று பிரேக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காரின் பிரேக்கில் எண்ணெய் ஓடுகிறது. டிரெய்லரை அடிக்கடி மாட்டிக் கழற்ற வேண்டியிருப்பதால் அங்கே எண்ணெய் சரிப்படாது. ஒவ்வொரு முறை குழாயைக் கழற்றும்போதும் எண்ணெய் சிந்தும், உள்ளே காற்றுக் குமிழி புகுந்துவிடும். காற்றுக்கு அந்தக் கவலை இல்லை; கொஞ்சம் போனால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். எஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்குகளில் சேர்க்கிறது. அழுத்தம் பொதுவாக 100 முதல் 125 பிஎஸ்ஐ வரை இருக்கும், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு.

சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் அதன் பரப்பு 30 சதுர அங்குலம். 60 பிஎஸ்ஐ காற்று உள்ளே போனாலே 1,800 பவுண்டு, கிட்டத்தட்ட 800 கிலோ விசை கிடைத்துவிடும். அந்த விசை ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்ப, ‘எஸ்’ வடிவக் கேம் சுழன்று, பிரேக் ஷூக்களை விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு உரச வைக்கிறது.

டிரக்கிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு காற்று ஹோஸ்கள் போகும். சிவப்பு ஹோஸ் டிரெய்லரின் டேங்கை நிரப்புகிறது. நீல ஹோஸ் கொண்டுபோவது வெறும் செய்தி. ‘இவ்வளவு அழுத்தத்தில் பிரேக் போடு’ என்ற அந்தச் செய்தி டிரெய்லரில் உள்ள ரிலே வால்வைத் தொட்டதும், அது பக்கத்திலுள்ள டேங்கிலிருந்து அதே அழுத்தத்தில் காற்றைச் சக்கரங்களுக்குத் திறந்துவிடும். சேம்பர்களை நிரப்பும் காற்று முழுவதும் முன்னாலிருந்தே வர வேண்டுமென்றால் நேரம் பிடிக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி தாமதித்தாலே வண்டி 12 மீட்டர் போயிருக்கும்.

சரி, இப்போது நெம்புகோலுக்கு வருவோம். கால் பெடலை மிதித்தால் டிரக், டிரெய்லர் இரண்டிலும் பிரேக் பிடிக்கும். கை நெம்புகோலோ நீல ஹோஸுக்கு மட்டுமே செய்தி அனுப்புகிறது. பிடிப்பது டிரெய்லர் பிரேக் மட்டும். லைட் சுவிட்சைப் போல இரண்டே நிலை கொண்டதும் அல்ல அது. நெம்புகோலை இழுக்க இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்குகிறது. அது பிஸ்டனைத் தள்ளிக் காற்று வழியைத் திறக்கிறது. வெளியே போகும் காற்றே பிஸ்டனை எதிர்ப்பக்கமாகவும் அழுத்துவதால், இரண்டும் சமமாகும் கணத்தில் வழி தானே மூடிக்கொள்கிறது. கை எவ்வளவு இழுத்ததோ அவ்வளவு அழுத்தம் மட்டும் போகிறது. பார்க்க எளிமையான, அருமையான அமைப்பு இது.

காலும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால்? இடையில் இருவழி செக் வால்வு ஒன்று இருக்கிறது. அதற்குள் நகரும் சிறு தடுப்பு, அழுத்தம் குறைந்த பக்கத்தை அடைத்துவிடும். காலில் 40, கையில் 20 என்றால் டிரெய்லருக்குப் போவது 40 தான்.

இவ்வளவிலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: இந்தப் பிரேக் பிடிப்பதற்குக் காற்று வேண்டும். எஞ்சினை அணைத்தால் கம்ப்ரசரும் நின்றுவிடும். எங்காவது மெல்லிய கசிவு இருந்தால் டேங்கின் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும், கூடவே பிடியும் தளரும்.

இதே சிக்கலை ரயில்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தன. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமை பெற்ற முதல் காற்று பிரேக்கில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். ஹோஸ் அறுந்தால் பிரேக்கே இருக்காது. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார்: குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி செய்தார். டிரக்கின் பார்க்கிங் பிரேக்கும் இந்த இரண்டாவது யோசனையின் வழியில்தான் வருகிறது. சேம்பரின் பின்புறம் ஒரு வலுவான சுருள் ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே முயன்றுகொண்டிருக்கும். காற்றுதான் அதை அமுக்கி அடக்கி வைத்திருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் குமிழையும் எண்கோணச் சிவப்புக் குமிழையும் இழுத்தால் காற்று வெளியேறி ஸ்பிரிங் விரிந்துகொள்ளும். அழுத்தம் 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் இறங்கிவிட்டால் டிரெய்லரின் சிவப்புக் குமிழ் தானாகவே வெளியே குதித்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டுப் போக இந்தக் குமிழ்களே சரியான கருவி.

ஓட்டும்போது கை நெம்புகோலைப் பயன்படுத்துவதும் ஆபத்துதான். டிரக்கின் பிரேக் லைனிங் (ஷூவின் மேல் உரசும் பட்டை) தேயாமல் இருக்கட்டும் என்று டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தால், சுமை முழுவதும் அந்த டிரம்கள் மேல் விழும். அவை சூடேறி விரிந்து ஷூக்களை விட்டு விலகும். இதைவிட மோசமானது சறுக்கல். உருளும் டயர் பக்கவாட்டில் வழுக்காமல் சாலையைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய டயருக்கு அந்தப் பிடி பெரும்பாலும் போய்விடும். சரக்கில்லாத டிரெய்லரில் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். உடனே டிரெய்லரின் பின்பகுதி பக்கவாட்டில் வீசி அடுத்த லேனுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் நெம்புகோலை இழுத்து வண்டியை நேராக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. பிரேக்கை விட்டால்தான் சக்கரம் மறுபடி உருளும், டிரெய்லர் டிரக்கின் பின்னால் வரிசைக்கு வரும். அமெரிக்காவின் வணிக ஓட்டுநர் கையேடுகள் இந்த நெம்புகோலை டிரெய்லர் பிரேக்கைச் சோதிக்க மட்டும் பயன்படுத்தச் சொல்கின்றன.

அந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. டிரெய்லரை மாட்டும்போது சிவப்பு, நீல ஹோஸ்களைத் தவறுதலாக மாற்றிச் செருகிவிட வாய்ப்புண்டு. ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் பிரேக் விடவே விடாது, தவறு உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லரோ எந்த எதிர்ப்பும் காட்டாமல் பின்னால் உருண்டு வரும். அதற்குப் பிரேக்கே இல்லை என்பது தெரியாது. அதனால் சாலைக்குப் போகும் முன் குமிழ்கள் இரண்டையும் உள்ளே தள்ளி, கை நெம்புகோலை இழுத்து, குறைந்த கியரில் மெல்ல முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பின்னுக்குப் பிடித்து இழுப்பது டிரைவருக்குத் தெரியும். அப்புறம் நெம்புகோலை விட்டதும், பின்னால் ரிலே வால்விலிருந்து காற்று ‘புஸ்ஸ்’ என்று வெளியேறும் சத்தம் கேட்கும்.