பாட்டிக்குச் சர்க்கரை இருந்ததா?

தத்துப் போனவர்கள் தங்கள் பூர்வீகத்தைத் தேடும்போது உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டு ஹோம்களிலிருந்து ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து என்று போன குழந்தைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. இவர்களில் பலர் இளவயதில் தேடவே இல்லை. தங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வளர்ந்து “பாட்டி எந்த ஊர்?” என்று கேட்ட பிறகுதான் கிளம்பி வருகிறார்கள். சிலரை அனுப்புவது டாக்டர்தான். மார்பில் கட்டி என்று போனால், “அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா?” என்று கேட்காமல் இருப்பாரா? உத்தரவில் கையெழுத்தானதும் தத்து முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பேரப்பிள்ளை வரைக்கும் அது வருகிறது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தம்பதிகள் 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிக் குழந்தையைக் கூட்டிப்போய், அவர்கள் நாட்டில் தத்தெடுப்பார்கள். லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. தத்தெடுப்பைக் கவனிக்கும், காரா எனப்படும் மத்திய ஆணையம் 1990-இல் வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஹோம் மூடிப்போயிருந்தாலும் நீதிமன்றத்தில் அந்த மனு கிடைக்க வாய்ப்பு உண்டு. தேடுகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஃபைல் கிடைத்தால் அதில் என்ன இருக்கும்? கார்பன் காப்பியில் அரைப் பக்கம். பெண் குழந்தை, எடை, தடுப்பூசி போட்ட தேதி. பெயர் சிஸ்டர் வைத்தது. அதே வருடம் அதே பெயரில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருந்திருக்கும். பிறந்த தேதி, டாக்டர் பல்லைப் பார்த்து உத்தேசமாகப் போட்டது. பெற்றோர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று டைப் அடித்திருப்பார்கள். அடுத்த தாளைப் புரட்டினால் அம்மாவின் கைநாட்டு இருக்கும்.

இலங்கையில் இதைவிட மோசம். எண்பதுகளில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் சிலரின் விஷயத்தில், அம்மா என்று வந்து நின்றவரே வேறு யாரோ ஒரு பெண். இலங்கை உட்பட ஐந்து நாடுகளின் பழைய தத்துகளை ஆராய்ந்த குழு ஒன்றின் அறிக்கைக்குப் பிறகு, 2021-இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது.

நம் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1992-இல் சேலத்தில் ஆரம்பித்தது. பெண் சிசுக் கொலையிலிருந்து உயிர்களைக் காத்தது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிறவர் பெயர் சொல்லிவிட்டுப் போவதில்லை. அப்படி வந்த முதல் குழந்தைகள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விக்கு எங்கள் அலமாரியில் ஒரு தாள்கூட இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்று கைநாட்டு வைத்த பெண் இன்று ஒரு வீட்டுக்குப் பாட்டி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்ததை அவர் கணவருக்கே சொல்லாமல் இருந்திருக்கலாம். யூடியூப் கேமராவோடு போய்க் கதவைத் தட்டுவது அராஜகம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. தேடுவதற்குத் தத்துப் போனவருக்கு உரிமை உண்டு. 18 வயது ஆகாவிட்டால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பெற்றவர் சம்மதிக்காவிட்டால் முகவரி கிடைக்காது, எந்தச் சூழ்நிலையில் குழந்தையை விட்டார் என்பதை மட்டும் சொல்வார்கள்.

ஒரு தாய் சந்திக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சரி, உடம்பு விஷயமாவது கேட்கலாமா என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்குச் சர்க்கரை இருக்கு, எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. கேன்சர் யாருக்கும் இல்ல”ன்னு சொல்லுங்க என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பினோம். மகளின் டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

தத்தெடுத்திருப்பவர்களுக்கு: ஹோமில் கொடுத்த மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, போட்டுவந்த கவுன் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அட்டையில் பேனா மை மங்கும், இன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தத்தெடுத்ததைக் குழந்தையிடம் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; சித்தி வாயிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ தெரியவந்தால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். உடன்பிறந்தவர் உண்டா என்று ஹோமில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களே, குழந்தையை ஒப்படைக்க வரும் பெண்ணை அவசரப்படுத்தாதீர்கள். முடிவை மாற்றிக்கொள்ளச் சட்டம் இரண்டு மாதம் கொடுக்கிறது. குடும்ப நோய்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அதில் ஒரு பத்து நிமிடம் போதும்.

அப்புறம், “ஒரே வாரத்தில் அம்மாவைக் கண்டுபிடித்துத் தருகிறேன்” என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுகள் பெருகிவிட்டார்கள். உங்களுக்காக மூன்றாம் நபர் தேடுவதை விதிகளே அனுமதிப்பதில்லை. காராவிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ நீங்களே எழுதுங்கள், மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.