அமெரிக்கக் கம்பஸில் வேலை செய்துகொண்டே சமூகப் பணி முதுமாணி: மலையகப் பட்டதாரிகளுக்கு

வெளிநாட்டில் மேற்படிப்பு என்று தோட்டத்துப் பிள்ளை வாய் திறந்தால், "பேங்க்கில காட்டக் காசு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை, ஈடு வைக்கக் காணியும் இல்லை. அம்மாவின் சேமலாப நிதியில் கைவைக்க யாருக்கு மனம் வரும்? இந்த நிலையில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழி, பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்து அதன் மூலம் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வது. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முழுநேர ஊழியர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் தவணைக்கு ஒன்றிரண்டு பாடங்களின் கட்டணத்தை விட்டுக்கொடுக்கின்றன. மாணவர் விசாவில் போகிறவருக்கு இது சரிவராது. கிறீன் கார்ட் உள்ள அண்ணனோ மச்சாளோ அங்கே இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். முதுமாணிப் படிப்புக்கான சலுகை ஆண்டுக்கு 5,250 டொலரைத் தாண்டினால், பொதுவாக மிச்சத்தைச் சம்பளமாகக் கணக்கெடுத்து வரி பிடிப்பார்கள்.

நமக்குரியது 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' பதவி, அதாவது முதுமாணி மாணவர் படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் செய்யும் பகுதிநேர வேலை. எப்-1 மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் கம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இந்தப் பதவி அதற்குள் அடங்கும். மாதக் கொடுப்பனவோடு கட்டணம் முழுதாகவோ பாதியாகவோ கழியும். விடுதிப் பொறுப்பு என்றால் பல இடங்களில் அறையும் சேர்த்துத் தருவார்கள். பதவிக் கடிதத்தில் உள்ள தொகையை, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் பண ஆதாரமாகச் சேர்ப்பார்கள். பேங்க்கில் காட்ட வேண்டியது அந்தளவு குறையும். நம் வீடுகளுக்கு இதுதான் பெரிய விஷயம்.

சமூகப் பணித் துறையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விடுதி, வெளிநாட்டு மாணவர் அலுவலகம், மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு எல்லாவற்றிலும் தேடுங்கள். பிள்ளை மடுவத்திலோ தோட்டத்து மாலை வகுப்பிலோ வேலை செய்திருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். அது உண்மையான அனுபவம்.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற முதுமாணியில் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். தலா 15 வாரம் கொண்ட நான்கு தவணைகளில் பிரித்தால் வாரத்துக்கு 15 மணி நேரம். 20 மணி நேர வேலையும் வகுப்புகளும் அதற்கு மேலே. களப்பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆகவே மாலையிலும் வார இறுதியிலும் செய்யக்கூடிய பதவியே உங்களுக்குத் தோது. பயிற்சி கம்பஸுக்கு வெளியே என்றால், தொடங்குமுன்னரே வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வெளியே பயிற்சி செய்வதற்கான) அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கடிதம் வந்ததும் கேட்க வேண்டியவை: கட்டணத்தில் எவ்வளவு கழியும், இதர கட்டணங்களும் மருத்துவக் காப்புறுதியும் யார் தலையில், கொடுப்பனவு ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா, இரண்டாம் ஆண்டும் தொடருமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சீதுவை தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் சமூகப் பணி இளமாணி முடித்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். அமெரிக்க சமூகப் பணிக் கல்விக் கவுன்சிலின் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். பட்டம் சமமானது என்று தீர்மானித்தால், சில பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பாடங்களிலிருந்து விலக்களிக்கும். இரண்டு வருடப் படிப்பு ஏறக்குறைய ஒரு வருடமாகும்.